பெயரைச் சொல்ல இன்னொருவர் வேண்டும்

பாரிஸ் நகரில் நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவும் நண்பர் மாலி நாட்டவர். மேற்கு மாலியிலுள்ள கிட்டா அவருடைய ஊர். திராவோரே அவருடைய குலப்பெயர். ஆறு ஆண்டுகளாக ஒரே சமையலறையில் நிற்கிறோம். முதல் மூன்று ஆண்டுகள் அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அவர் பெயரின் முதல் அசையை மட்டும் சொல்லி முதலாளி கூப்பிடுவார். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என்னுடைய பெயரையும் அங்கே பாதியாக வெட்டித்தான் வைத்திருந்தார்கள் என்பதால், வெளிநாட்டில் இது வழமைதானே என்று நானும் இருந்துவிட்டேன். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார். என்னைத் தம்முடைய மொழியில் ‘கொரோ’ என்பார். மூத்தவர் என்று பொருள்.

அந்த அமைதியான மனிதர் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் உரத்த குரலில் சண்டை பிடிப்பார். மரக்கறிப் பெட்டிகளை இறக்க வருகிறவரும் மாலிக்காரர், குலப்பெயர் ஜாரா. அவர் பின்கதவைத் திறந்ததும் நண்பர் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு ஏதோ கத்துவார்; அவரும் திருப்பிக் கத்துவார்; என்ன பகையோ என்று நான் பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். ஒருநாள் கேட்டபோதுதான் விளங்கியது. இருவரும் ஒருவரையொருவர் ‘பயறு தின்னி’ என்று திட்டிக்கொள்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் கௌபி என்று சொல்கிற பயற்றினம் அது. திராவோரே குலத்தவரும் ஜாரா குலத்தவரும் சந்தித்தால் இப்படித் திட்டிக்கொள்வது அவர்களுடைய உரிமை, இன்னும் சரியாகச் சொன்னால் கடமை. இந்த உறவுக்கு சனான்குயா என்று பெயர். முன்பின் அறியாத இருவர் கூட, குலப்பெயரைக் கேட்டறிந்த மறுநொடியே திட்டத் தொடங்கலாம். எதிராளி கோபப்படக் கூடாது. அவருக்கு ஒரு துன்பம் என்றால் உதவாமலும் இருக்கக் கூடாது. ‘அவன் திட்டாமல் போனால்தான் எனக்குக் கவலை வரும்’ என்று நண்பர் சொன்னார்.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் நண்பருக்கு மகள் பிறந்தாள். பெயர் சூட்டும் சடங்குக்கு வரும்படி என்னை அழைத்தார். அவர்கள் மொழியில் அதை ‘தென்குந்தி’ என்பார்கள். குழந்தையின் தலைமயிர் வழித்தல் என்பது நேர்ப்பொருள். நாங்கள் முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழித்துச் செய்வதை அவர்கள் பிறந்து ஒரு வாரத்தில் செய்கிறார்கள். ஒன்பதாம் இலக்க மெத்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மோந்த்ரேய் நகரில் மாலிக்காரர்கள் நெருங்கி வாழும் பகுதியிலுள்ள வாடகை மண்டபம் ஒன்றுக்குப் போனேன்.

காலையிலேயே சடங்கு முடிந்திருந்தது. மாலையில் விருந்து. அடித்து மினுக்கிய பசான் துணியில் தைத்த அங்கிகளோடு பெண்கள் சுற்றிவர அமர்ந்திருந்தார்கள். நடுவில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் கோரா என்ற நரம்பிசைக் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அம்மையார் கையில் சிறிய இரும்புக் குழல். அதன்மேல் கம்பியால் சுரண்டித் தாளம் எடுத்தபடி நண்பரை நேராகப் பார்த்து ‘திராவோரே!’ என்று கூப்பிட்டார். நான் அதுவரை கேட்டிராத குரல் அது. ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபத்தின் கடைசிச் சுவரில் போய் முட்டியது. பிறகு அவர் பெயர்களை அடுக்கத் தொடங்கினார். நண்பருடைய தந்தை, தந்தையின் தந்தை, அவர்களுக்கு முன் வந்தவர்கள், அவர்கள் போன போர்கள், கடந்த ஆறுகள். இடையிடையே குரல் சட்டென்று தணிந்து பேச்சாகும், மறுபடி எழும்.

நண்பர் எழுந்து நின்றார். ஆறு நாட்களும் குனிந்து சட்டி தேய்க்கும் முதுகு நிமிர்ந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஐந்து யூரோ, பத்து யூரோத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மையாரின் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் போயிருக்கும். உறவினர்களும் வந்து அம்மையாரின் நெற்றியில் தாள்களை ஒட்டினார்கள். கால்மணி நேரத்துக்குக் குறையாமல் அந்த அம்மையார் அந்த ஒரு பெயரைப் பாடினார். முதல் அசையோடு நாங்கள் நிறுத்திக்கொண்ட மனிதருக்குப் பின்னால் இவ்வளவு நீளமான வரிசை நின்றிருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, கினி, காம்பியா, செனகல், கினி-பிசாவ் நாடுகளில் பரவியிருக்கும் மாந்தே மக்களிடம் இந்தப் பாடுநர்களுக்கு ஜெலி என்று பெயர். காம்பியாப் பக்கம் ஜாலி என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிரியோ என்றார்கள். குயாத்தே, ஜாபாத்தே, சிசோக்கோ, காம்பியாவில் சூசோ என்று குறிப்பிட்ட சில குலங்களில் பிறந்தவர்கள்தான் ஜெலிகள். வரலாறு, வம்சாவளி, புகழுரை, சமரசம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெண் கேட்டுக் கோலாக் கொட்டைகளைச் சுமந்துகொண்டு போகிறவர்கள் அவர்கள். இரு குடும்பங்கள் பேச்சு முறித்துக்கொண்டால் நடுவில் போய் உட்கார்கிறவர்களும் அவர்கள்தான். குலப்பெயரை ‘ஜாமு’ என்பார்கள். அதே சொல் புகழுரைக்கும் வழங்குகிறது. ஒருவருடைய ஜாமுவின் பெருமையை அவரே எடுத்துப் பேசுவது உயர்குடியில் பிறந்தவருக்கு வெட்கக்கேடு. எனவே ஒரு குலத்தின் நினைவு முழுவதும் இன்னொரு குலத்தின் வாயில் இருக்கிறது. நான் யார் என்பதை நானே சொல்லிக்கொள்ள முடியாது, அதை வைத்திருக்கிறவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை அன்று அந்த மண்டபத்தில் நான் கண்ணால் கண்டேன். அடையாளம் என்ற சொல்லை நாங்கள் எவ்வளவோ எழுதிவிட்டோம். இப்படி ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்துவைக்கும் பொருளாக நான் அதை ஒருபோதும் நினைத்ததில்லை.

அந்த அம்மையாரின் குலம் ஜாபாத்தே. திராவோரே குலத்தைப் பாட அவருக்கு என்ன உரிமை என்று நண்பரிடம் கேட்டேன். அதற்கு ஒரு கதை சொன்னார். தோ என்ற நாட்டைக் காட்டெருமை ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. திராவோரே குலத்து வேட்டைக்காரச் சகோதரர் இருவர் அங்கே போனார்கள். ஊரார் வெறுத்து ஒதுக்கிய கிழவி ஒருத்திக்கு அவர்கள் உணவு கொடுத்தார்கள். அந்தக் கிழவிதான் எருமை வடிவெடுத்துத் திரிந்தவள். தன்னைக் கொல்லும் வழியை அவளே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒருவன் எருமையைக் கொன்றான். மற்றவன் அவனைப் புகழ்ந்து பாடினான். பாட்டைக் கேட்டவன், ‘நீ பாடுநனாக இருந்தால் உனக்கு இல்லையென்று சொல்ல யாரால் முடியும்’ என்றான். ‘மறுக்க ஆளில்லை’ என்ற பொருளிலிருந்து ஜாபாத்தே என்ற பெயர் வந்ததாம். பாடியவன் வழியினர் ஜெலிகளாயினர். யார் மூத்தவன், யார் இளையவன் என்பது பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும்.

கதை அங்கே முடிவதில்லை. எருமையைக் கொன்றதற்குப் பரிசாக நாட்டின் அழகிகளில் எவரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசன் சொன்னபோது, கிழவி முன்பே கேட்டுக்கொண்டபடி அவர்கள் சோகோலோன் என்ற கூன்முதுகுப் பெண்ணைத் தெரிந்தெடுத்தார்கள். அவளை மாந்தே அரசனுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். அவள் பெற்ற மகன்தான் சுந்தியாத்தா கெய்ட்டா. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவியவர். பல ஆண்டுகள் நடக்க முடியாமல் தவழ்ந்த பிள்ளை அவர். சமையலுக்குப் பாவோபாப் மரத்தின் இலை கேட்டுப் போன தாயை இன்னொரு மனைவி இழிவாகப் பேசிய அன்று, இரும்புத் தண்டை ஊன்றி எழுந்து நின்று, அந்த மரத்தையே வேரோடு பெயர்த்துத் தாயின் வாசலில் கொண்டுவந்து போட்டார் என்று பாடுவார்கள். 1235ஆம் ஆண்டளவில் கிரினா என்ற இடத்தில் சோசோ நாட்டு அரசன் சுமாவோரோ காந்தேயை அவர் வென்றார்.

அந்தச் சுமாவோரோவிடம் ஒரு பாலஃபோன் இருந்தது. மரச்சட்டங்களின் கீழ்ச் சுரைக்குடுக்கைகள் கட்டிய கருவி. அரசனைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. சுந்தியாத்தாவின் ஜெலியான பல்லா ஃபாசேக்கே குயாத்தே அதைத் திருட்டுத்தனமாக வாசித்து அகப்பட்டபோது, சுமாவோரோவைப் புகழ்ந்தே பாடி உயிர் தப்பினார். அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பிய அரசன், ஓடிவிடாதபடி அவருடைய குதிகால் நரம்புகளை அறுத்துவிட்டான் என்று சில ஜெலிகள் பாடுகிறார்கள். அந்தக் கருவி இதுதான் என்று சொல்லி, கினியின் வடகிழக்கே நியாகசோலா என்ற ஊரில் குயாத்தே குடும்பத்தார் ஒரு பாலஃபோனை இன்றும் காத்துவருகிறார்கள். சோசோ-பாலா என்று அழைக்கப்படும் அந்த மரபை 2001இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரிய பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

அன்று மண்டபத்தில் என்னை முழுவதும் பிடித்து வைத்துக்கொண்டது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கோரா. விருந்து தணிந்த பிறகு அந்த இளைஞரிடம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். மடியிலிருந்து எடுத்து என் பக்கம் திருப்பினார். அரையாகப் பிளந்த பெரிய சுரைக்குடுக்கை. வாயின்மேல் மாட்டுத்தோல் இழுத்துப் போர்த்தி, ஓரமெங்கும் ஆணி அடித்திருந்தது. குடுக்கையை ஊடுருவி நீண்ட வன்மரக் கோல். இரண்டு பக்கமும் பிடிப்பதற்குச் சிறு தண்டுகள். ஒவ்வொரு கையிலும் மூன்று விரல்கள் அவற்றைப் பற்றிக்கொள்ள, இரண்டு பெருவிரல்களும் இரண்டு சுட்டுவிரல்களும் மட்டும் நரம்புகளை மீட்டுகின்றன. நரம்புகளைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் ‘குதிரை’ என்ற பலகையின் இரு ஓரங்களிலும் வெட்டிய வடுக்களில் இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10 என்று 21 நரம்புகள். முற்காலத்தில் முறுக்கிய தோல்வார். இப்போது மீன்பிடிக்கும் நைலோன் தங்கூசி. தடித்த தங்கூசி அடிச்சுரத்துக்கு, மெல்லியது உச்சத்துக்கு. குடுக்கையின் பக்கத்தில் ஒலி வெளிவர ஒரு துளை; அதற்குள் சில நாணயங்கள் கிடந்து கிலுங்கின. பாட்டுக்கு மகிழ்ந்து யாரோ போட்டவை, எடுக்கவில்லை.

சுரங்கூட்டுவதற்குக் கோலைச் சுற்றித் தோல்வளையங்கள் இறுக்கமாக நெய்யப்பட்டிருந்தன. நரம்புக்கு ஒரு வளையம். அந்த இளைஞர் ஒரு வளையத்தை உள்ளங்கையால் அழுத்தி, முனகலோடு அரை விரற்கடை மேலே தள்ளினார். நரம்பு சற்று ஏறியது. செவி கொடுத்துக் கேட்டார். மயிரிழை கீழே இறக்கினார். இப்படி 21 முறை. நான்கு வகைச் சுரக்கட்டுகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் பிடிக்கும் என்பதால் இப்போது பலர் கிற்றாரில் உள்ளது போன்ற முறுக்காணிகளை வைத்துக்கொள்கிறார்களாம். இவருடையது பாட்டனார் செய்தது. மாற்ற மனம் வரவில்லை என்றார்.

அந்த வளையங்களைப் பார்த்ததும் எனக்குப் பொருநராற்றுப்படை நினைவுக்கு வந்தது. யாழின் கோட்டில் நரம்புகளை இறுக்கிக் கட்டும் வார்க்கட்டான திவவுக்குக் கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களை அந்தப் பாட்டு உவமை சொல்கிறது. படித்த காலத்தில் அது எனக்கு வெறும் சொல்லாகவே இருந்தது. யாழைக் கண்ணால் கண்டவர் யார்? கருங்கோலில் வரிசையாக இறுகியிருந்த தோல்வளையங்களைத் தொட்டபோது உவமை விளங்கிவிட்டது. குடுக்கைக்குப் பத்தர், தோலுக்குப் போர்வை, கோலுக்குக் கோடு, வளையத்துக்குத் திவவு என்று நாங்கள் அகராதியில் மட்டும் வைத்திருக்கும் சொற்கள் அந்தக் கருவியின் உறுப்புகள் ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்தன. பேரியாழுக்கும் 21 நரம்புகள் என்று உரைகாரர் சொல்கிறார். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கிடையாது, அமைப்பும் வேறு. தொடர்பைக் கற்பித்துப் பெருமைப்படுகிற எண்ணம் எனக்கில்லை. எங்களிடம் பாணர் மறைந்து யாழும் மறைந்தது. அவர்களிடம் பாடுநரும் இருக்கிறார்கள், கருவியும் இருக்கிறது என்பதை மட்டும் அன்று நினைத்துக்கொண்டேன்.

கோரா பிறந்த இடம் மாலி அன்று. இன்றைய காம்பியா, கினி-பிசாவ், செனகலின் தென்பகுதி ஆகியவற்றில் பரவியிருந்த காபு என்ற மாந்தே நாட்டில் அது உருவாயிற்று என்பது வழிவழி வந்த கதை. முங்கோ பார்க் என்ற ஸ்கொட்லாந்துப் பயணி 1795 முதல் 1797 வரை அந்தப் பகுதிகளில் அலைந்து, 1799இல் வெளியிட்ட நூலில் ‘கோரோ’ என்ற 18 நரம்புகளுள்ள பெரிய கருவியைக் குறிப்பிடுகிறார். கிழக்கே மாலிக்கு அது பின்னால் வந்தது. வாசிப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சுழற்சிக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதிலிருந்து பிரிந்து அருவிபோல் இறங்கும் கற்பனை ஓட்டத்துக்குப் பிரிமிந்திங்கோ என்று பெயர். ஒரே ஆளின் நான்கு விரல்களிலிருந்து இவை இரண்டும் சேர்ந்து வருவதை முதன்முறை கேட்பவர், இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே எண்ணுவார். நானும் பக்கத்தில் இன்னொரு கருவியைத் தேடினேன்.

மாலி 1960 செப்டம்பர் 22இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றபோது பழைய பேரரசின் பெயரையே நாட்டுக்குச் சூட்டிக்கொண்டது. தலைநகர் பமாக்கோவில் சிதிக்கி ஜாபாத்தே, ஜெலிமாதி சிசோக்கோ என்ற இரு பெரும் கோராக் கலைஞர்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள். 1970இல் அவர்களும் வேறு சில கலைஞர்களும் சேர்ந்து பாட்டில்லாமல் கோராவை மட்டும் வாசித்து ‘பழைய நரம்புகள்’ என்ற பொருள்பட ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். சிதிக்கியின் மகன் துமானி, ஜெலிமாதியின் மகன் பலாக்கே. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். 1999இல் இந்தப் பிள்ளைகள் ‘புதிய பழைய நரம்புகள்’ என்று தந்தையர் தட்டுக்கு மறுமொழியாக ஒன்றை வெளியிட்டார்கள். வேலை முடிந்து நள்ளிரவு மெத்ரோவில் வரும்போது நான் அதிகம் கேட்பது அதைத்தான். இரண்டு கோராக்களில் எது யாருடையது என்று இன்றும் என்னால் முழுவதும் பிரித்தறிய முடிவதில்லை.

துமானி ஜாபாத்தே பிள்ளைப்பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு காலின் வலுவை இழந்தவர், ஊன்றுகோலோடுதான் மேடையேறுவார். தம்முடையது 71 தலைமுறைத் தொடர்ச்சி என்று சொல்வார். தந்தை அவருக்கு உட்காரவைத்துக் கற்பித்ததில்லை. கேட்டுக் கேட்டே தாமாகப் பழகிக்கொண்டார். வடமாலியின் கிற்றார்க் கலைஞர் அலி ஃபார்க்கா துரேயோடு சேர்ந்து 2005இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. 2024 ஜூலை 19ஆம் நாள் தமது 58ஆம் வயதில் அவர் காலமானார். மறுநாள் நண்பர் வேலைக்கு வந்தார். நாள் முழுவதும் கைத்தொலைபேசியில் அவருடைய வாசிப்பை ஓடவிட்டுக்கொண்டே சட்டி கழுவினார். வழமையில் பாட்டு வைக்க விடாத முதலாளியும் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவையும் கொண்டாடுகிற நான் ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. ஜெலி என்பது பிறப்பால் வருகிற நிலை. கொல்லர், தோல்வேலை செய்பவர், ஜெலி என்று தொழிற்குலங்களைத் தனியாகப் பிரித்து, உயர்குடியினரோடு மண உறவு கொள்ளாமல் வைத்த சமூகம் அது. அரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிமையோடு பேசலாம்; அவன் மகளை மணக்க முடியாது. நாதஸ்வரமும் தவிலும் பறையும் யார் கையில் இருந்தன, அந்தக் கைகளை எங்கே நிறுத்தி வைத்தோம் என்பதை அறிந்த யாழ்ப்பாணத்தானான எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தடை உயர்குடியினருக்கும் உண்டு. 1949இல் ஜோலிபா என்ற ஊரில் சுந்தியாத்தாவின் வழியில் பிறந்த சாலிஃப் கெய்ட்டா, உடலில் நிறமி இல்லாமல் பிறந்தவர் என்பதால் சிறுவயதிலேயே ஒதுக்கப்பட்டவர். கெய்ட்டா குலத்தவர் பாடக் கூடாது, பாடக் கேட்க வேண்டும் என்ற விதியை மீறி அவர் பாடகரானபோது சொந்தக் குடும்பமே எதிர்த்தது. இன்று அந்த நாட்டின் தலைசிறந்த குரல்களில் ஒன்று அவருடையது. கோராவும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் கருவி. ஜெலிக் குடும்பத்துப் பெண்ணான சோனா ஜோபார்த்தே அதைத் தொழிலாக எடுத்து உலகறிய வாசித்ததோடு, காம்பியாவில் பள்ளியும் நிறுவியிருக்கிறார். மரபை மீறுகிறவர்களும் மரபின் உள்ளேயிருந்தே வருகிறார்கள். அவர்களை அந்த மக்கள் கடைசியில் கொண்டாடவும் செய்கிறார்கள்.

2012இல் வடமாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடைசெய்தன. திம்புக்து, காவோ, கிடால் பகுதிகளிலிருந்து கலைஞர்கள் தெற்கே ஓடினார்கள். அந்தக் குழுக்கள் கருவிகளை எரித்தன. திருமணத்தில் பாட்டில்லை, கைத்தொலைபேசியில் அழைப்பொலியாகக் கூடப் பாட்டு ஒலிக்கக் கூடாது. குலத்தின் பெயரைப் பாட்டில் வைத்திருக்கும் மக்களுக்கு இது எதைப் பறிப்பதென்று நினைத்துப் பாருங்கள். 2013 தொடக்கத்தில் பாடகி ஃபத்துமாத்தா ஜவாரா பமாக்கோவில் சுமார் 40 கலைஞர்களைக் கூட்டி அமைதி வேண்டி ஒரு பாட்டைப் பதிவுசெய்தார். துமானியும் அதில் வாசித்தார். நண்பர் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேச விரும்புவதில்லை, நானும் கேட்பதில்லை. எங்கள் இருவருக்கும் அந்த வகைப் பேச்சைத் தவிர்க்கத் தெரியும்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். புறப்படும் நேரத்தில் அம்மையார் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். உன்னுடைய ஜாமு என்ன என்று நண்பர் மூலம் கேட்டார். எங்களுக்குக் குலப்பெயர் கிடையாது, தந்தையின் பெயரைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறோம் என்றேன். அவருக்கு அது போதவில்லை. சரி, தந்தையின் பெயர்? சொன்னேன். அவருடைய தந்தை? சொன்னேன். அவருடைய தந்தை? பூட்டனாருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. அம்மையார் வியப்பாகப் பார்த்தார். குறையாக எதுவும் சொல்லவில்லை. நண்பரிடம் ஏதோ பேசினார். சுற்றியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். ஜாமு இல்லாமல் விருந்தாளியை அனுப்ப முடியாது, எனவே அழைத்தவருடைய ஜாமுவையே உனக்குத் தந்துவிட்டார் என்று நண்பர் விளக்கினார். தம்மிடம் வரும் வெளியாருக்கு இப்படிக் கொடுப்பது அங்கே வழக்கம். இரும்புக் குழலை ஒருமுறை சுரண்டி, ‘திராவோரே!’ என்று என்னைப் பார்த்துப் பாடினார். என் தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயரும் அவர் நாவில் சற்று உருமாறி அந்தப் பாட்டுக்குள் வந்தன. சட்டைப்பையில் இருந்த இருபது யூரோவைக் கொடுத்தேன். கை நடுங்கியது.

மறுநாள் காலை யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து மாமியிடம் பூட்டனாருடைய பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குப் பின்கதவு திறந்தது. ஜாரா மரக்கறிப் பெட்டிகளை இறக்கி வைத்தார். நண்பர் அவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். ஜாரா என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக எனக்குக் காலை வணக்கம் மட்டும் சொன்ன மனிதர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சமையலறை முழுவதும் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார்.

‘பயறு தின்னி!’

நண்பர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த சொற்களை நான் அப்படியே திருப்பிக் கத்தினேன்.